மூன்றில் எழுந்தவள்

கால்பந்தில் எவனாவது தரையில் உருண்டால் நான் முதலில் அவன் காலைப் பார்க்க மாட்டேன். அவன் கை எங்கே போகிறது என்று பார்ப்பேன். நிஜமாக அடிபட்டவனின் கை நேராக வலிக்கிற இடத்துக்குப் போகும், அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. நடிக்கிறவன் உருண்டுகொண்டே ஓரக்கண்ணால் ரெஃப்ரீயைப் பார்ப்பான். வியாசர்பாடி மைதானத்தில் ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ரெஃப்ரீயாக ஊதல் பிடித்திருக்கிறேன். என்னை ஏமாற்றிப் பெனால்டி வாங்கியவன் வட சென்னையில் அதிகம் பேர் இல்லை. என் பெயர் எழில்மொழி. மைதானத்தில் எனக்கு வைத்த மற்ற பெயர்களை இங்கே எழுத முடியாது.

பிறகு முழங்கால் போயிற்று. ஓட முடியாத ரெஃப்ரீயை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பயன். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை இருக்கிறது, அது போதும் என்று வீட்டோடு இருந்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு பேர் கத்தும்போது நடுவில் நின்று முடியாது என்று சொல்லிப் பழகியவளுக்கு, சாயங்காலம் ஆனால் கை நமநமவென்றது. என் வீட்டுக்காரர் அறிவு, பாவம், ரிமோட்டைக் கொஞ்சம் ஓங்கி வைத்தால்கூட எச்சரிக்கை வாங்கினார்.

அந்த நேரத்தில்தான் புளியந்தோப்பு பீம்ராவ் அண்ணன் கூப்பிட்டார். பழைய பாக்ஸர். இப்போது எங்கள் பக்கத்துக் குத்துச்சண்டை ரெஃப்ரீகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர்.

"பொண்ணுங்க பைட்டுக்கு பொம்பள ரெஃப்ரீ இல்ல எழிலு. நீ வந்துடு. ரிங்கு சின்னது. ஓடற வேல கெடையாது."

ஓடுகிற வேலை இல்லை என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு போனேன். என் புத்தி அப்படி.

முதல் நாள் பயிற்சியிலேயே மானம் போயிற்று. கால்பந்தில் பந்துக்குக் குறுக்கே போகாமல் எட்டி நிற்பதுதான் ரெஃப்ரீக்கு அழகு. அதே பழக்கத்தில் ரிங்கின் மூலையில் போய் நின்றேன். "இன்னா, கார்னர் கிக்குக்கு நிக்கிறியா?" என்று பீம்ராவ் அண்ணன் கீழேயிருந்து கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சுற்றில் ஒரு பெண் இன்னொருத்தியின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். பிடிபட்டவள் எப்படியும் உதறிவிட்டு ஒரு குத்து விடுவாள், அவளுக்குச் சாதகம்தானே என்று என் இரண்டு கையும் தானாக முன்னால் நீண்டன. கால்பந்தில் அதற்கு அர்த்தம், தப்பு நடந்தது, பார்த்துவிட்டேன், ஆனாலும் ஆட்டம் ஓடட்டும் என்பது. இங்கே அப்படி ஒரு ஜாடையே கிடையாது. என் கையைப் பார்த்துக் குழம்பிப்போய்ப் பிடிபட்டவள் தலையைத் திருப்பினாள். தாடையில் ஒன்று விழுந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பீம்ராவ் அண்ணன் ரிங்குக்குள் ஏறி வந்தார்.

"எழிலு, இங்க ஆட்டம் ஓடட்டும்னு வுட்றதுக்கு பந்து இல்ல. ஓடறது உசுரு. யாரு ஜெயிச்சாங்கன்னு ஜட்ஜுங்க பாத்துப்பாங்க. அந்தப் புள்ள வூட்டுக்கு போவணும், அத்த பாக்கறதுதான் உன் வேல."

"எனக்குப் புரியுதுண்ணா."

"புரில. புட்பால்ல அடிபடாதவன் அடிபட்ட மாதிரி ஆக்டு குடுப்பான். இங்க அடி வாங்கினது வாங்காத மாதிரி ஆக்டு குடுக்கும். உடனே எழுந்து நின்னுகினு, நான் ஓகேன்னு சொல்லும். நீ நம்பிடுவ."

அப்படி நம்பிவிட்ட ஒரு ரெஃப்ரீயை அவர் பார்த்திருக்கிறாராம். அவர் வாலிபத்தில் நடந்தது, அவரோடு பயிற்சி எடுத்த பையன். அடி வாங்கினான், எழுந்தான், சண்டையை முடித்தான், ஜெயிக்கவும் ஜெயித்தான். தானாக இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். "ஒரு ஷூ அவுத்துட்டான். இன்னொன்ன நான் அவுத்தேன்" என்றார் பீம்ராவ் அண்ணன்.

அன்றைக்குப் பிடித்த பயம்தான். எனக்குப் பயம் புதிது. கல் விழுந்த மைதானத்தில் நின்றிருக்கிறேன். தோற்ற டீமின் ஆட்கள் பைக்கில் வீடு வரை பின்னால் வந்திருக்கிறார்கள். அதெல்லாம் என்மேல் விழப்போகிற அடி. இது இன்னொருத்தி பெற்ற பிள்ளைமேல் விழப்போகிற அடி, அதற்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஏதாவது குழந்தை குனிந்து ஷூ கட்டினால், அது நிமிரும்வரை பக்கத்திலேயே நின்றேன். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கண்களையே உற்றுப் பார்த்து, ஒரு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பயந்தவள் என்ன செய்வாள்? சும்மா சும்மா நிறுத்தினேன். முதல் இரண்டு போட்டிகளிலும் லேசாகத் தடுமாறியதற்கே குறுக்கே விழுந்து கை வீசிச் சண்டையையே முடித்துவிட்டேன். அந்தப் பெண்கள் இருவருமே பத்து நிமிஷத்தில் வெளியே நின்று பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு 'பிரேக் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். சங்கத்துப் பெரிய மனிதர் ஒருவர், இன்னொரு தடவை இப்படிச் செய்தால் நீங்கள் கேரம் போட்டிக்குப் போய்விடலாம், அங்கே யாருக்கும் அடிபடாது என்றார். கேரம் போட்டி எங்கே நடக்கிறது என்று நான் விசாரித்தேன் என்பதிலிருந்தே என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

அப்புறம் வந்தது திருவொற்றியூர் ஃபைனல்.

கடற்கரைச் சாலைக்குப் பக்கத்து மைதானத்தில் ஷாமியானா போட்டு ரிங்கு கட்டியிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி. வெளியே கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரைக்கும் வரிசை கட்டி நின்றன. காற்று மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து அடித்ததால் எல்லோரும் மூக்கைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் குப்பத்துச் சனம் முழுக்க அங்கேதான் இருந்தது. ஏனென்றால் சிவப்பு மூலையில் அவர்கள் பெண் வினிதா.

வினிதாவின் அம்மா பச்சையம்மாவை எனக்கு அன்று காலையிலேயே தெரியும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். எடை பார்க்கும் இடத்துக்கு வெளியே மகளை உட்கார வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றிக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டு வந்தார். நான்தான் ரெஃப்ரீ என்று தெரியாமல், என்னிடமே எல்லாவற்றையும் சொன்னார். இதில் ஜெயித்தால் மாநில அணி. மாநில அணியில் பேர் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். இந்த வருஷத்தோடு வினிதாவுக்கு வயசு தாண்டிவிடுகிறது.

"இத்த வுட்டா என்னிய மாதிரி அன்னக்கூடைய தூக்கினு சுத்த வேண்டிதுதான் மேடம்."

ஏன் காதில் விழுந்தது என்று இருந்தது. ரெஃப்ரீக்கு இதெல்லாம் தெரியக் கூடாது.

நீல மூலையில் புளியந்தோப்பு ரஹீமுன்னிசா. குள்ளம், பொறுமைசாலி, வலது கை கனம். முதல் சுற்று முழுக்க வினிதா அவளைக் கிட்டேயே அண்ட விடவில்லை. நீளமான இடது கையால் குத்திவிட்டு விலகி, குத்திவிட்டு விலகி, பார்க்கவே ஆசையாக இருந்தது. நான் பார்க்கிற நிலைமையில் இல்லை. உள்ளங்கை வேர்த்து ரப்பர் கையுறைக்குள் சொதசொதவென்றிருந்தது.

இரண்டாவது சுற்றில் அது விழுந்தது. ரஹீமுன்னிசா குனிந்து உள்ளே வந்து வலது கையை வீசினாள். ஹெட்கார்டின் ஓரத்தில், காதுக்கு மேலே, பட்ட சத்தம் அந்தக் கூச்சலிலும் கேட்டது. வினிதா உட்காருகிற மாதிரி விழுந்தாள்.

"ஸ்டாப்" என்றேன். ரஹீமுன்னிசாவை எதிர் மூலைக்கு அனுப்பிவிட்டு, வினிதாவின் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி எண்ணத் தொடங்கினேன். மூன்று என்று சொல்லும்போதே எழுந்துவிட்டாள். குப்பமே எழுந்து நின்று கத்தியது. எழுந்தாலும் எட்டு வரை எண்ண வேண்டும் என்பது விதி. எண்ணினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் கண்ணைப் பார்த்தேன்.

"ஓகேவா?"

"ஓகே மேடம்."

"முன்னாடி வா."

வந்தாள். கால் பின்னவில்லை. கையை உயர்த்தினாள். கால்பந்தாக இருந்தால் கேள்வியே இல்லை, எழுந்தவன் ஆடுவான். எனக்குப் பின்னால் 'பிரேக் மேடம்' என்று யாரோ கத்தினார்கள். சண்டை தொடரட்டும் என்று "பாக்ஸ்" என்றேன்.

அடி வாங்கியவள் மாதிரியே இல்லை. முன்னைவிட நன்றாக ஆடினாள். ரஹீமுன்னிசா கயிற்றோடு ஒட்டிக்கொண்டு பின்வாங்கினாள். மணி அடித்ததும் வினிதா தன் மூலைக்குச் சரியாகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் கோச் நெல்சன் தண்ணீர் தெளித்துக்கொண்டே வேகமாக ஏதோ சொன்னான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போது அவள் இடது கை மெல்ல மேலே போயிற்று. ஹெட்கார்டில், காதுக்கு மேலே அடி விழுந்த இடத்துக்குப் போய், அங்கே ஒரு கணம் நின்றது. உடனே வினிதா கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள். கையைக் கீழே இறக்கி, இரண்டு கிளவுஸையும் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

பதினெட்டு வருஷமாகப் பார்த்த பார்வை அது. நடிக்கிறவன் பார்க்கிற பார்வை.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஏறி வந்து டார்ச் அடித்துப் பார்த்தார், பெயர் கேட்டார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். டாக்டர் என்னிடம் திரும்பி, "இப்ப எதுவும் தெரியல. ஆனா இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நீங்க கிட்ட இருந்து கவனிங்க, சந்தேகம் வந்தா நிறுத்திடுங்க" என்றார். நேர்மையான மனுஷன். அந்த நேர்மை எனக்கு உதவவில்லை.

"மேடம், அவ பாயிண்டுல முன்னாடி கீறா," என்றான் நெல்சன் பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்களுக்கு பயமா இருந்தா எறங்கிடுங்க. எங்க புள்ளைக்கு பயமில்ல."

மூன்றாவது சுற்று. "பாக்ஸ்" என்று சொன்னேன். இருவருக்கும் நடுவே கையை நுழைக்கிற தூரத்திலேயே நகர்ந்தேன். முழங்கால் குத்தியது. வினிதா குத்தினாள், விலகினாள். ரஹீமுன்னிசா லேசாக ஒரு இடது கை விட்டாள். நெற்றியில் பட்டது, அது ஒரு அடியே இல்லை. பட்டவுடன் வினிதா எதிரே நிற்கிறவளைப் பார்க்கவில்லை. மறுபடி என்னைத்தான் பார்த்தாள்.

குத்துச்சண்டையில் எதிராளியை விட்டுக் கண்ணை எடுப்பவள் உலகத்தில் உண்டா? மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது. மறைக்க வேண்டிய ஆள் நான்.

நான் யோசித்ததாகச் சொன்னால் பொய். உள்ளே பாய்ந்து வினிதாவை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். "ஸ்டாப்." தலைக்கு மேலே கையை வீசினேன். முடிந்தது. ரஹீமுன்னிசாவுக்கு வெற்றி.

"இன்னாத்துக்கு மேடம்?" வினிதா என் சட்டையைப் பிடித்தாள். "நான் நல்லாதான கீறேன். இன்னாத்துக்கு நிறுத்துனீங்க? என் லைஃபு மேடம் இது." அழுதாள்.

கூட்டத்திலிருந்து முதலில் தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது, அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி. நெல்சன் ஜட்ஜுகளின் மேஜையைக் குத்திக்கொண்டிருந்தான். டாக்டர் வினிதாவை அரை மணி நேரம் அவள் அம்மாவின் கண் முன்னால் உட்கார வைக்கச் சொன்னார். பீம்ராவ் அண்ணன் என்னைத் தோளோடு தள்ளிக்கொண்டு போய், துணி கட்டி மறைத்த உடை மாற்றும் அறையில் உட்கார வைத்தார்.

"இன்னா பாத்த எழிலு?"

"அவ என்னப் பாத்தாண்ணா."

"அப்பறம்?"

"அவ்ளோதான். ரெண்டு வாட்டி பாத்தா."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இத்த ரிப்போர்ட்டுல எழுதினா சிரிப்பாங்க. நெல்சன் அப்பீல் போடறான். உன் முடிவு நிக்காதும்மா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைச் சமாளிக்க வெளியே போனார்.

தனியாக உட்கார்ந்திருந்தேன். துணிக்கு அந்தப் பக்கம் பெண்கள் என்னையும் என்னைப் பெற்றவளையும் வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே போனால் அடிப்பார்கள் என்று பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே குடைந்தது. என் பயத்துக்காக ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனோ? ஒரு பார்வை, அதை வைத்து ஒரு வேலை, ஒரு வாழ்க்கை. அந்த அம்மா தலையில் அன்னக்கூடையோடு நடக்கிறது கண்ணுக்குள் வந்தது. பின்னால் மகளும் ஒரு கூடையோடு. நான் சரியாகத்தான் செய்தேன் என்று யாராவது ஒருத்தர் வந்து சொன்னால் போதும் என்று இருந்தது. சாமி கும்பிடாத வீட்டில் பிறந்தவள் நான். யாரிடம் கேட்பது என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

துணி விலகியது. பச்சையம்மா.

எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அறைந்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். அவர் அறையவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கிட்டே வந்தார்.

"மேடம், நீ கொஞ்சம் வந்து பாரேன்" என்றார், ரொம்ப மெதுவாக. "டாக்டராண்ட போவறதுக்குள்ள உன்னாண்ட வந்தேன். நீதான் அவ மூஞ்சியவே பாத்துகினு இருந்த."

"என்னம்மா ஆச்சு?"

"நல்லாதான் பேசுது. சிரிக்குது. அப்பா இன்னும் வரலயான்னு கேக்குது. வந்துருவாரு, எடம் போட்டு வையின்னு சொல்லுது." என் மணிக்கட்டைப் பிடித்தார். "அவரு கடலோட போயி மூணு வருஷம் ஆவுது மேடம்."

டாக்டரைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். அந்த முழங்காலோடு எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் போய்ச் சேரும்போது வினிதா, பக்கத்து நாற்காலியில் தன் துண்டைப் போட்டு, அதில் யாரும் உட்காராதபடி கையை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்தச் சிரிப்பில் நடிப்பு இல்லை. டாக்டர் டார்ச் அடித்தபோது ஒரு கண்ணின் கருமணி சுருங்கியது, இன்னொன்று அப்படியே இருந்தது.

நெல்சன்தான் அவளைத் தூக்கி ஆம்புலன்ஸில் கிடத்தினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் உள்ளே ஏறிக்கொண்டேன், பச்சையம்மா என் மணிக்கட்டை விட்டால்தானே இறங்குவதற்கு. வண்டி கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அலறிக்கொண்டு நின்றது, நகர்ந்தது, நின்றது. வினிதாவுக்குத் தூக்கம் வந்தது. தூங்க விடாதீர்கள் என்று சொன்னார்கள். நாங்கள் இருவரும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

பதினெட்டு வருஷத்தில் நான் கொடுத்த ஒரு முடிவைக்கூடத் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு அந்த வண்டியில் உட்கார்ந்து, அவளுக்கு ஒன்றுமில்லை என்று ஆகட்டும், நான் செய்தது தப்பாக இருக்கட்டும், நெல்சன் போடுகிற அப்பீல் ஜெயிக்கட்டும், நாளையிலிருந்து என்னை எவரும் கூப்பிட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. "வினிதா, அப்பா வந்துட்டாரு, எழுந்திரு" என்று பச்சையம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.